காப்புரிமை கொடுப்பவர்களை யார் கண்காணிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியக் காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகத்தின் முடிவுகள் பற்றி ஆராய்ச்சி மாணவர்களும் சிறுதொழில் நடத்துபவர்களும் நோயாளிகள் அமைப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 2003-ஆம் ஆண்டு விதிகள், 2024 மார்ச் 15 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தங்கள் ஆகியவற்றின்படி பதில் தந்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டோம்.

காப்புரிமை குடுக்கிறது யாரு? கோர்ட்டா, மந்திரியா, விஞ்ஞானிகளா?

மூவரும் இல்லை. மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் காப்புரிமை அலுவலகம்தான் கொடுக்கிறது. தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது. கிளைகள் சென்னை கிண்டி, டெல்லி, மும்பை ஆகிய இடங்களில். விண்ணப்பத்தை முதலில் எக்ஸாமினர் படித்து அறிக்கை எழுதுவார். அதை வைத்து முடிவெடுத்துக் கையெழுத்திடுபவர் கன்ட்ரோலர். எக்ஸாமினர் பரிந்துரைப்பதோடு சரி, பொறுப்பு கன்ட்ரோலருடையது.

சென்னையில் போட்ட விண்ணப்பத்தைச் சென்னையில் இருப்பவர்தான் பார்ப்பார் என்றும் இல்லை. தொழில்நுட்பத் துறை வாரியாகக் கணினி பிரித்து ஒதுக்குவதால், டெல்லியில் உட்கார்ந்திருக்கும் எக்ஸாமினரிடம் போகலாம். அதனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாறிவிடாது. விண்ணப்பம் எந்தக் கிளைக்கு உரியதோ அந்த ஊர்க் கணக்குதான்.

விண்ணப்பம் போட்டதிலிருந்து கையில வர்ற வரைக்கும் என்னென்ன நடக்கும்?

விண்ணப்பம் 18 மாதம் ரகசியமாக இருக்கும். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியாகும். ஆய்வு தானாகத் தொடங்காது. படிவம் 18 கொடுத்து ஆய்வு கேட்க வேண்டும். 2024 மார்ச் 15-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்கு இந்தக் கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து (அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாள்) 31 மாதம். முன்பு 48 மாதமாக இருந்தது. பழைய கணக்கை நம்பிக் கெடுவைத் தவறவிடாதீர்கள். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும்.

அடுத்து வருவது முதல் ஆய்வறிக்கை. அதில் உள்ள ஆட்சேபங்களுக்கு 6 மாதத்தில் பதில் தர வேண்டும், கேட்டால் 3 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். பதில் போதவில்லை என்றால் விசாரணைக்கு அழைப்பார்கள், இப்போது பெரும்பாலும் காணொலியில். விசாரணை முடிந்த 15 நாளில் எழுத்துமூல வாதத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு வழங்கல் அல்லது நிராகரிப்பு.

அரசாங்கமே சோதிச்சுக் குடுத்ததுதானே, அப்புறம் செல்லாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சட்டத்தின் 13(4) பிரிவு தெளிவாகவே சொல்கிறது: அலுவலகம் செய்யும் ஆய்வும் தேடலும் அந்தக் காப்புரிமை செல்லும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் ஆகாது. ஆய்வு தவறினால் மத்திய அரசோ அதிகாரியோ அதற்குப் பொறுப்பும் அல்ல. பாத்திரம் கடையும் கருவி ஒன்றின் மீதான பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில், 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

எனவே யாராவது சான்றிதழைக் காட்டி 'தொழிலை நிறுத்து' என்று மிரட்டினால் அதுவே கடைசி வார்த்தை இல்லை. ஒரு எக்ஸாமினர் தன் முன்னால் இருந்த ஆவணங்களை வைத்து, கிடைத்த நேரத்தில், தடை எதுவும் காணவில்லை. சான்றிதழ் சொல்வது அவ்வளவுதான். அதற்கு மேல் பார்க்க வேண்டிய வேலையைச் சட்டம் மற்றவர்களுக்கு விட்டிருக்கிறது. அந்த மற்றவர்களில் நீங்களும் ஒருவர்.

அப்போ இந்த ஆபீஸை மேற்பார்வை பார்க்கிறது யாரு?

கண்காணிப்பு பல இடங்களிலிருந்து வருகிறது. அமைச்சகம் ஆள், பணம், விதிகளைப் பார்க்கிறது. 155-ஆம் பிரிவின்படி, சட்டம் எப்படி நிறைவேற்றப்படுகிறது என்ற அறிக்கையை மத்திய அரசு ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். வணிகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 ஜூலையில் அறிவுசார் சொத்துரிமை முழுவதையும் அலசித் தன் 161-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தனித்தனி முடிவுகளைச் சரிபார்ப்பவை உயர் நீதிமன்றங்கள்.

இவை எதுவும் ஒவ்வொரு காப்புரிமையையும் மறுபடி பிரித்துப் படிப்பதில்லை. நிலைக்குழு அமைப்பைப் பார்க்கும். நீதிமன்றம் யாராவது கொண்டுவந்தால் பார்க்கும். கோப்பு கோப்பாகப் பார்ப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழி எதிர்ப்பு மனு. அது கீழே வருகிறது.

இதெல்லாம் இப்பத்தான் ஆரம்பிச்சதா? முன்னாடி அரசாங்கம் கண்டுக்கலையா?

இல்லை. இன்றைய சட்டமே அப்படியொரு ஆய்விலிருந்து பிறந்ததுதான். 1911-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலச் சட்டம் இந்தியாவுக்குப் பயன்படுகிறதா என்று நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் ஆராய்ந்து 1959-ல் அறிக்கை தந்தார். இந்தியாவில் தரப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருந்ததையும், அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே உற்பத்திக்கே வராததையும் அவர் எடுத்துக்காட்டினார். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம் அந்த அறிக்கை. அந்தச் சட்டம் நீக்கியிருந்த, மருந்துப் பொருளுக்கே தரும் காப்புரிமை மீண்டும் வந்தது 2005 ஜனவரி 1-ல்.

அரசு அமைக்கும் எல்லாக் குழுவும் அப்படி நிலைப்பதில்லை. 2005-க்குப் பிறகு மருந்துக் காப்புரிமை பற்றி எழுந்த கேள்விகளுக்காக அமைக்கப்பட்ட மஷேல்கர் குழு 2006 இறுதியில் தந்த அறிக்கை, சில பகுதிகள் வேறிடத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டால் 2007-ல் திரும்பப் பெறப்பட்டு, 2009-ல் திருத்தி அளிக்கப்பட்டது.

ஒரே வருஷத்துல ஒரு லட்சம் காப்புரிமைன்னு செய்தி வந்துச்சே, ஒழுங்கா படிச்சுத்தான் குடுத்தாங்களா?

2022-23-ல் தரப்பட்டவை 34,134. 2023-24-ல் ஒரு லட்சத்துக்கு மேல். ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதற்குப் பின்னணி உண்டு. 2021-22 பொருளாதார ஆய்வறிக்கை, 2020-ல் இந்தியாவில் 615 எக்ஸாமினர்கள்தான் இருந்தார்கள் என்றும், சீனாவில் 13,704 பேர், அமெரிக்காவில் 8,132 பேர் என்றும் கணக்குக் காட்டியது. 2022-ல் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு வெளியிட்ட கட்டுரையும் ஆள் பற்றாக்குறையையும் தேங்கிய கோப்புகளையும் சுட்டியது. ஆள் சேர்த்து, தேக்கத்தைக் குறைக்க வேகம் காட்டியதன் விளைவுதான் அந்த எண்ணிக்கை. காத்திருந்து காத்திருந்து கண்டுபிடிப்பே பழசாகிப்போன சிறு நிறுவனங்களுக்கு இது உண்மையான நிவாரணம், அதை மறுக்கக் கூடாது.

ஆனால் எண்ணிக்கை தரத்தைக் காட்டாது. நிராகரிக்கிற கன்ட்ரோலர் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் விண்ணப்பதாரர் நீதிமன்றம் போவார். எதிர்ப்பே இல்லாத விண்ணப்பத்தை வழங்குகிற கன்ட்ரோலர் நீண்ட காரணம் எழுதுவது அரிது. எழுதவில்லை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. தவறான நிராகரிப்பைக் கண்டுபிடிக்க ஒருவர் எப்போதும் இருக்கிறார். தவறான வழங்கலைக் கண்டுபிடிக்கத் தானாக ஒருவரும் இல்லை. வேலையளவை முடித்த கோப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யோசியுங்கள். அரசின் கண்காணிப்பு முதலில் இங்கேதான் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து: எதிர்ப்பில்லாத வழங்கலுக்கும் ஒரு பக்கக் காரண ஆணை வேண்டும்.

எக்ஸாமினர் என்ன எழுதினார்னு நாம பார்க்க முடியுமா?

பெரும்பகுதியைப் பார்க்கலாம், இலவசமாக. அலுவலகத்தின் இணையத் தேடல் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால், வெளியான பிறகு கோப்பிலுள்ள ஆவணங்கள் வரும். நான்கு ஆவணங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: முதலில் வெளியான உரிமைக் கோரிக்கைகள் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று எண்ணிட்டுச் சொல்லும் பகுதி), முதல் ஆய்வறிக்கை, அதற்கான பதில், வழங்கப்பட்ட கோரிக்கைகள். ஆய்வறிக்கையில் எந்தப் பழைய ஆவணங்களை எடுத்துக்காட்டினார்கள், பதிலில் கோரிக்கை 1-ல் எந்தச் சொற்கள் சேர்க்கப்பட்டன, ஆட்சேபம் எழுப்பிய பிறகும் கோரிக்கை அப்படியே நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஆட்சேபமும் இருந்து, கோரிக்கையும் மாறாமல், ஆணையில் விளக்கமும் இல்லாமல் வழங்கப்பட்டிருந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. 59-ஆம் பிரிவின்படி திருத்தம் கோரிக்கையைச் சுருக்கலாம், விரிக்கக் கூடாது. அதையும் சரிபாருங்கள்.

எக்ஸாமினர் கன்ட்ரோலருக்கு உள்ளே எழுதும் அறிக்கை வேறு. 144-ஆம் பிரிவு அதைப் பொதுப் பார்வைக்குத் தடுக்கிறது. நீதிமன்றம் நீதியின் பொருட்டுத் தேவை என்று சொன்னால்தான் வெளியே வரும்.

ஆர்.டி.ஐ. போட்டா கிடைக்காதா?

உள் அறிக்கைக்கோ இன்னும் வெளியாகாத விண்ணப்பத்துக்கோ போட்டுப் பயனில்லை. ஆனால் மேலே சொன்ன தரக் கேள்விக்கு ஆர்.டி.ஐ. நல்ல கருவி. ஒரு துறையில் எத்தனை எக்ஸாமினர்கள், ஒருவருக்கு மாதம் எத்தனை கோப்பு, உள்ளுக்குள் தரச் சோதனை நடந்ததா, எத்தனை கோப்பில் குறை கண்டார்கள் என்று கேளுங்கள். மத்திய அரசு அலுவலகம் என்பதால் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'ஏன் கொடுத்தீர்கள்?' என்று கருத்துக் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

நான் எந்தக் கம்பெனியும் இல்ல, சாதாரண ஆள். ஒரு விண்ணப்பத்தை எதிர்க்க முடியுமா?

முடியும். 25(1) பிரிவில் இருக்கும் சொல் 'எந்த நபரும்'. விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், படிவம் 7அ கொடுக்கலாம். வெளியாகி 6 மாதம் முடியும்வரை வழங்கவே கூடாது என்று 55-ஆம் விதி சொல்வதால் அந்த 6 மாதம் உங்களுக்கு உறுதி. அதற்குப் பிறகு எந்த நாளும் வழங்கிவிடலாம், ஆகவே 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்று தள்ளாதீர்கள். 2024 திருத்தம் இரண்டு மாற்றம் செய்தது: முன்பு இலவசமாக இருந்த இதற்கு இப்போது கட்டணம் உண்டு, மனு ஏற்கத்தக்கதா என்பதைக் கன்ட்ரோலர் முதலில் பார்ப்பார்.

இந்த வழி ஏட்டளவில் நிற்பதில்லை. இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை, புற்றுநோயாளிகள் அமைப்பு உட்படப் பலர் எதிர்த்தார்கள். சென்னை அலுவலகம் 2006-ல் அதை நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ல் அந்த முடிவை உறுதிசெய்தது. தெரிந்த ஒரு பொருளின் புது வடிவம் மருத்துவப் பலனைக் கணிசமாகக் கூட்டினால்தான் காப்புரிமை என்னும் 3(ஈ) பிரிவுக்கு உயிர் வந்தது அந்தத் தீர்ப்பில். காசநோய் மருந்து பெடாகுயிலின் மீதான கூடுதல் காப்புரிமை விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டதும் காசநோயிலிருந்து மீண்ட இருவர் போட்ட எதிர்ப்பால்தான்.

எதிர்ப்பு மனுவுல என்ன எழுதணும்? 'இது நம்ம பாட்டி காலத்துலயே இருக்கு'ன்னு சொன்னா போதாதா?

போதாது. பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். கோரிக்கை 1-ஐ உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு உதாரணம்: தண்ணீர்த் தொட்டிக்கான கருவி ஒன்று. கோரிக்கையில் நான்கு உறுப்புகள்: மிதவை, மிதவை ஏறினால் மூடும் வால்வு, நீர்மட்ட சென்சார், எச்சரிக்கை மணி. முதல் மூன்றும் ஒரு பழைய ஆவணத்தில் இருக்கின்றன, மணி வேறொன்றில். நான்கும் ஒரே ஆவணத்தில் இல்லாததால் 'புதுமை இல்லை' என்ற வாதம் நிற்காது. 'துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது' என்ற வாதத்துக்குப் போக வேண்டும். அப்போது அந்த இரண்டு ஆவணங்களையும் ஒருவர் ஏன் சேர்த்துப் பார்ப்பார் என்பதற்கும் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணப் பத்தி இல்லாத மனுதான் அதிகம்.

தேதியில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, விண்ணப்பத் தேதியோடு ஒப்பிடுவது. ஒப்பிட வேண்டியது முன்னுரிமைத் தேதி. அது ஓராண்டு முன்னதாகக்கூட இருக்கும். இன்னொன்று, வெளியான தேதி தெரியாத இணையப் பக்கத்தையோ செய்தி நறுக்கையோ இணைப்பது. மனு எழுதும் முன் கோப்பைத் திறந்து இப்போதைய கோரிக்கைகளையும் பாருங்கள். ஆய்வறிக்கைக்குப் பிறகு அவை மாறியிருந்தால் பழையதை எதிர்த்து எழுதியது வீண்.

பாட்டி காலத்து அறிவுக்கும் இடம் உண்டு. மரபறிவு 3-ஆம் பிரிவிலேயே விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கும் தேதியிட்ட ஏடு, நூல், உரை வேண்டும். மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்கா 1995-ல் கொடுத்த காப்புரிமையை நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1997-ல் ரத்து செய்யவைத்தது பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டித்தான். 2001-ல் மரபறிவு மின்னூலகம் தொடங்கியதும் அந்தப் பாடத்தால்.

எதிர்ப்பு போட்டவங்களையும் ஆய்வு விசாரணையில உட்கார வைப்பாங்களா?

இல்லை. நோவார்டிஸ், நாட்கோ என்ற மருந்து நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2024 ஜனவரியில் தெளிவாக்கியது: அலுவலகத்துக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையே நடக்கும் ஆய்வு வேறு, எதிர்ப்பு விசாரணை வேறு. எதிர்த்தவருக்கு எதிர்ப்பு விசாரணையில் மட்டும்தான் பேச உரிமை. ஆய்வின் போக்கில் கோரிக்கை திருத்தப்பட்டால் உங்களுக்குத் தனிக் கடிதம் வரும் என்று காத்திருக்காமல் கோப்பை அடிக்கடி பாருங்கள்.

கம்பெனிங்களே பினாமி பேர்ல எதிர்ப்பு போட்டு இழுத்தடிக்கிறாங்களாமே?

நடக்கிறது. ஒரு மனு முடியும் நேரத்தில் இன்னொருவர் பெயரில் அடுத்தது வரும். மும்பை உயர் நீதிமன்றம் 2020-ல் அப்படி ஒருவருக்குச் செலவுத்தொகை விதித்துக் கண்டித்தது. 2024-ல் கட்டணமும் ஏற்புச் சோதனையும் வந்ததற்கு இதுதான் சொல்லப்பட்ட காரணம். நேர்மையான நோயாளி அமைப்புகளுக்கும் அதே கதவு குறுகிவிட்டது என்ற கவலை நியாயமானது. ஏற்புச் சோதனை முன்முடிவாக மாறாமல் அமைச்சகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மந்திரிக்கோ பிரதமர் அலுவலகத்துக்கோ புகார் போட்டா நிறுத்துவாங்களா?

தனிப்பட்ட முடிவில் அமைச்சர் தலையிட முடியாது. கன்ட்ரோலர் செய்வது நீதிமன்றத்தன்மை கொண்ட வேலை. ஆனால் நடத்தை பற்றிய புகாருக்கு வழி உண்டு. 75-ஆம் பிரிவு அலுவலக ஊழியர் யாரும் பணியில் இருக்கும்போது அங்கே வழங்கப்படும் காப்புரிமையில் எந்த உரிமையும் வாங்கக் கூடாது என்கிறது; வாரிசுரிமையாகவோ உயிலாலோ வருவது மட்டும் விலக்கு. ஒரு கோப்பை ஒருவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்கு மாற்றத் தலைமைக் கன்ட்ரோலருக்கு 73(4) பிரிவு அதிகாரம் தருகிறது. அதைக் கேட்டு, காரணத்தோடு எழுதுங்கள்.

என் விண்ணப்பத்தை நாலு வரியில நிராகரிச்சுட்டாங்க. என்ன பண்றது?

ஆணையில் கண்கூடான பிழை என்றால் படிவம் 24-ல் மறுபரிசீலனை, ஒரு மாதத்துக்குள். மற்றபடி 117அ பிரிவில் மேல்முறையீடு, 3 மாதத்துக்குள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டதால் இப்போது நேராக உயர் நீதிமன்றம். மேலே மேற்பார்வை பற்றிய கேள்வியில் சொன்ன நாடாளுமன்ற நிலைக்குழு வாரியத்தை மீட்டெடுக்கப் பரிந்துரைத்தும் அது திரும்பவில்லை. சென்னைக் கிளைக்கு உரிய விண்ணப்பம் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு.

காரணமில்லாத ஆணைக்கு நல்ல ஆயுதம் அக்ரிபோர்ட் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2022-ல் தந்த தீர்ப்பு. எளிதில் தோன்றக்கூடியது என்று நிராகரித்தால் மூன்றை எழுத வேண்டும்: பழைய ஆவணம் சொல்வது என்ன, இந்தக் கண்டுபிடிப்பு என்ன, முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி எளிதில் வரும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆணை ரத்தாகி, பெரும்பாலும் வேறு கன்ட்ரோலரிடம் புதிதாக விசாரிக்கத் திரும்பும். காப்புரிமை கிடைத்தே தீரும் என்று இதற்குப் பொருள் இல்லை.

குடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. இனிமே என்ன வழி?

வழங்கிய செய்தி காப்புரிமை இதழில் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் 25(2) பிரிவில் எதிர்க்கலாம். கவனியுங்கள், சான்றிதழிலுள்ள தேதியிலிருந்து அல்ல. இங்கே 'எந்த நபரும்' முடியாது, நலன் சார்ந்தவராக இருக்க வேண்டும்: அதே துறையில் உற்பத்தி, ஆராய்ச்சி, விற்பனை போன்றவற்றில் இருப்பதைக் காட்டுங்கள். மூன்று பேர் கொண்ட எதிர்ப்புக் குழு ஆதாரங்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும். அதற்குக் கன்ட்ரோலர் கட்டுப்பட்டவர் அல்ல.

அந்த ஒரு வருஷமும் போயிடுச்சு, அப்போ எல்லாம் முடிஞ்சுதா?

முடியவில்லை. 64-ஆம் பிரிவில் நலன் சார்ந்தவரோ மத்திய அரசோ உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். உங்கள் மேல் மீறல் வழக்கு வந்தால் எதிர்க்கோரிக்கையாகவும் எழுப்பலாம். வெளிநாட்டில் போட்ட இணை விண்ணப்பங்களின் விவரத்தை 8-ஆம் பிரிவின்படி தராமல் மறைத்ததும் ரத்துக்கு ஒரு காரணம். அதனால் ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்களில் அதே கண்டுபிடிப்புக்கு என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள்.

நீதிமன்றம் இல்லாமல் அரசே நேரடியாக ரத்து செய்யும் வழி 66-ஆம் பிரிவு. பொதுநலனுக்குக் கேடு என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டு அரசிதழில் அறிவிக்கலாம். அபூர்வமாகத்தான் நடக்கும். நாவல் உள்ளிட்டவற்றைக் கொண்ட நீரிழிவுக் கலவைக்கு 2012 ஏப்ரலில் தரப்பட்ட 252093 எண் காப்புரிமை, மரபறிவு என்ற காரணத்தால் அதே ஆண்டு அக்டோபரில் இப்படி ரத்தானது. இந்த வழியைக் கேட்டு மனு எழுதலாம், உரிமையாகக் கோர முடியாது.

வழக்கறிஞருக்குப் பணம் கட்டும் முன் பதிவேட்டைத் திறந்து அந்தக் காப்புரிமை உயிரோடு இருக்கிறதா பாருங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பித்தல் கட்டணம் உண்டு, பலர் கட்டுவதில்லை. காலாவதியாகியிருந்தாலும் 18 மாதத்துக்குள் மீட்கக் கேட்கலாம் என்பதால், காலாவதித் தேதியிலிருந்து 18 மாதம் தாண்டிவிட்டதா, மீட்பு மனு நிலுவையில் இருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.